ஈரலில் தேங்கும் தாமிரம்

காமாலைக்கு ஒரே மருந்தா?

கண் மஞ்சளாயிற்று என்றவுடன் கீழாநெல்லியைப் பறித்து அரைத்து மோரில் கலந்து கொடுப்பதும், எண்ணெயையும் காரத்தையும் விலக்கிச் சில வாரங்கள் பத்தியம் காக்கச் செய்வதும் நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிற வழக்கம். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் 'ஏ' வகை வைரஸினால் வருகிற காமாலை, பெரும்பாலோருக்கு யாதொரு மருந்துமின்றியே இறங்கிவிடுவதால், இறங்கிய பெருமை பச்சிலையைப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதில் எனக்குப் பெரிய வழக்கு ஒன்றுமில்லை. ஆனால், அதே காமாலை 12 வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டாம் முறையும் வந்து, வயிறு உப்பி, காலும் வீங்கி, வைரஸ் பரிசோதனைகளெல்லாம் இல்லையென்று சொன்ன பிறகும், பத்தியத்தை நம்பி வீட்டார் காத்திருப்பார்களேயானால், அந்தக் காத்திருப்பு அவன் உயிருக்கே அபாயமாக முடியும்.

மதுவும் வைரஸும் மாத்திரமே ஈரலைக் கெடுக்கும் என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உடற்பருமனாலும் நீரிழிவாலும் ஈரலில் கொழுப்பு படிவதும், சரீரத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் ஈரலைப் பகையென்று கருதித் தாக்குவதும், தாய் தந்தையரிடமிருந்து இறங்கி வருகிற பரம்பரைக் கோளாறுகளும் அதே முடிவுக்கு, அதாவது ஈரல் சுருங்கி இறுகும் நிலைக்கு, மனிதனைக் கொண்டுபோய்விடக் கூடியவை. இவற்றுள் பரம்பரையாக வரும் வில்ஸன் வியாதியை விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கே வருகிற அபூர்வ வியாதிதான். எனினும், காலத்தில் கண்டுகொண்டால் மாத்திரைகளாலேயே அடங்கிவிடுகிற ஒன்றைக் காணாமல் விட்டு உயிரிழப்பதைப் போன்ற துக்கம் வேறில்லை.

தாமிரம் எவ்வாறு விஷமாகிறது

நாம் உண்ணும் தானியத்திலும் பருப்பிலும் தாமிரம் இருக்கிறது. உடம்புக்கு அது மிகச் சிறிய அளவில் அவசியம். மிஞ்சியதை ஈரல் பித்த நீரோடு சேர்த்து வெளியேற்றிவிடும். இந்த வேலைக்குரிய புரதத்தை உண்டாக்கும் மரபணு 13-ஆம் குரோமோசோமில் உள்ளது. 1993-இல் கண்டறியப்பட்ட அதற்கு 'ஏடிபி7பி' என்று பெயர். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த அதன் இரு பிரதிகளும் பழுதுபட்டிருந்தால், தாமிரம் வெளியேற வழியின்றிப் பிறந்த நாள் முதல் ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஈரல் தாங்கமாட்டாத ஒரு கட்டத்தில் இரத்தத்தில் கலந்து மூளையிலும் கண்ணிலும் போய்ப் படிகிறது.

ஆகையால்தான் இவ்வியாதி ஒரே முகத்தோடு வருவதில்லை. சிறு பிராயத்தில் பெரும்பாலும் ஈரல் கோளாறாகவும், வாலிபப் பருவத்தில் கை நடுக்கம், நாக்குழறல், வாயில் எச்சில் வடிதல், கையெழுத்து சிதைதல், காரணமற்ற கோபம் ஆகியவையாகவும் தலைகாட்டும். படிப்பில் கெட்டிக்காரனாயிருந்த பிள்ளை திடீரென்று மந்தமாகிவிட்டால் உபாத்தியாயர் அடிப்பதும் வீட்டார் மந்திரிப்பதுமாக நாட்கள் கழிகின்றனவேயன்றி, ஈரலைப் பற்றி ஒருவருக்கும் நினைவு வருவதில்லை.

கண்ணிலும் சிறுநீரிலும் தெரியும் சாட்சி

கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் ஒன்று படிவதை ஜெர்மானியக் கண் வைத்தியர்களான கைஸரும் பிளைஷரும் முறையே 1902-இலும் 1903-இலும் வர்ணித்தார்கள். மூளை பாதிக்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் இது காணப்படும்; ஈரல் மட்டும் கெட்டிருக்கும் குழந்தைகளிடம் பல சமயம் காணப்படாது. ஆகவே வளையம் இல்லையென்பதைக் கொண்டு வியாதி இல்லையென்று தீர்மானித்துவிடலாகாது.

இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் புரதம் 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் சந்தேகம் எழுகிறது. ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரில் தாமிரம் 100 மைக்ரோகிராமுக்கு மேற்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. குழந்தைகளுக்கு 40-ஐக் கடந்தாலே கவனிக்கவேண்டும். தேவையானால் ஈரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துத் தாமிரத்தை அளப்பார்கள், மரபணுவையும் சோதிப்பார்கள். இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது; எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்வதே வைத்தியரின் சாமர்த்தியம்.

மயங்க வைக்கும் இரண்டு வியாதிகள் உண்டு. ஒன்று, கொழுப்பு படிந்த ஈரல். வில்ஸன் வியாதியிலும் ஆரம்பத்தில் ஈரலில் கொழுப்பு சேர்வதால், மெலிந்த பிள்ளையின் ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று எழுதியிருந்தால் அத்துடன் திருப்தியடைந்துவிடக் கூடாது. மற்றொன்று, எதிர்ப்புச் சக்தியால் வரும் ஈரல் அழற்சி. இது பெண்களிடம் அதிகம். பிரெட்னிசோலோனும் அஸதயோபிரினும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அதை அடையாளம் காட்டும் இரத்தக் குறிகள் சில சமயம் வில்ஸன் நோயாளியிடமும் தென்படுவதால், பிரெட்னிசோலோனுக்கு இணங்காத இளம் வயதினரிடம் தாமிரத்தை அளந்து பார்ப்பது அவசியம்.

மருந்தை முதலில் தாமே விழுங்கிய வைத்தியர்

கின்னியர் வில்ஸன் 1912-இல் லண்டனில் இவ்வியாதியை விவரித்தபோது, அவரால் செய்யக்கூடியது விவரிப்பது ஒன்றே. ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பின், பெனிசிலின் உட்கொண்டவர்களின் சிறுநீரில் பெனிசிலமின் என்னும் பொருள் இருப்பதைக் கண்டிருந்த ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய வைத்தியர், பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஒரு வில்ஸன் நோயாளியைப் பார்த்தபோது, அதன் அமைப்பு தாமிரத்தைப் பற்றி இழுக்கவல்லதாயிற்றே என்று யோசித்தார். நோயாளிக்குக் கொடுக்குமுன் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். 1956-இல் அதன் பலன் பிரசுரமாயிற்று. இன்றும் அது பயன்படுகிறது; ஒவ்வாதவர்களுக்கு டிரையன்டின் உண்டு. துத்தநாக உப்பு வேறு வழியில் வேலை செய்கிறது: குடல் தாமிரத்தை ஏற்காமல் தடுக்கிறது. ஈரல் திடீரென்று முற்றிலும் செயலிழந்தவருக்கு மாற்று ஈரல்தான் கதி. புதிய ஈரலில் அந்தப் பழுது கிடையாது.

செப்புக் குடத்துத் தண்ணீர் மற்றவர்களுக்கு எப்படியோ, இந்நோயாளிக்கு ஆகாது. ஆட்டு ஈரல், நண்டு, இறால், காளான், முந்திரி, சாக்லேட் ஆகியவற்றையும் முக்கியமாக முதல் ஆண்டில் விலக்கவேண்டும்.

உடம்பு தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்துவதே நோயாளிகள் செய்யும் பெரிய விபரீதம். நிறுத்தியவர்கள் சில மாதங்களில் அல்லது ஆண்டுகளில் ஈரல் செயலிழந்து இறந்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்திலும் வைத்தியர் அளவைத்தான் மாற்றுவார், மருந்து தொடரவேண்டும்.

உடன்பிறந்தவர்களைச் சோதியுங்கள்

அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. ஒரே பழுது இரு தரப்பிலும் மறைந்திருக்க அத்தகைய விவாகங்களில் வாய்ப்பு அதிகம். பழுதுபட்ட பிரதி ஒன்றை மட்டும் சுமக்கும் பெற்றோர் இருவரும் ஆயுள் முழுவதும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்ற கணக்கில் வியாதி வரக்கூடும். ஆகவே, உங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு வில்ஸன் வியாதி என்று நிச்சயமானால், அதன் அண்ணன் தம்பி அக்காள் தங்கை அனைவரையும், நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருப்பவர்கள் உட்பட, தாமதமின்றிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.