கட்டிக்குள் மூட்டும் சூடு

முதலில் பல் மருத்துவர்

ஜெர்மனியில் மூளைப் புற்றுக்கு ஒரு புதிய சிகிச்சை பெற வந்தவர்களில் பலர் முதலில் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. பல்லில் உலோக அடைப்போ உறையோ இருந்தால் அதை எடுத்த பிறகுதான் சிகிச்சை. அவர்கள் தலையைச் சுற்றி எழுப்பப்படும் காந்தப் புலம் நொடிக்கு ஒரு லட்சம் சுற்று வேகத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கும். அருகில் உள்ள உலோகம் அதில் சூடாகிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் காய்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

சூடாக வேண்டியது கட்டி மட்டுமே. அதற்காக இரும்பு ஆக்சைடுத் துகள்கள் கலந்த திரவத்தை முன்கூட்டியே ஊசி வழியாகக் கட்டிக்குள் செலுத்திவிடுகிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் வரிசையாக அடங்கும் அளவு சிறிய துகள்கள் அவை. புலம் திசை மாறும்போதெல்லாம் துகளின் காந்தத்தன்மையும் மாற முயல்கிறது. அந்த இழுபறியில் வெப்பம் பிறக்கிறது. புலத்தை நிறுத்தியதும் காந்தத்தன்மை போய்விடுவதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதில்லை.

43 டிகிரி என்ன செய்யும்?

41 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் உருக்குலையத் தொடங்குகின்றன. கதிர்வீச்சு சிகிச்சையால் அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் திறனும் குன்றுகிறது. கட்டியின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு; அதனால் அங்குள்ள செல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மசிவதில்லை. அதே செல்கள் சூட்டுக்குப் பணிந்துவிடுகின்றன. மருத்துவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். கதிர்வீச்சு சிகிச்சைக்கு இது துணை. அதற்கு மாற்றாக இதை எண்ணிவிடக் கூடாது.

பெர்லினில் கிடைத்த பாடம்

இந்த யோசனை 1957-இல் அமெரிக்காவில் பிறந்தது. மனிதர்களிடம் கொண்டுவந்ததில் பெர்லின் விஞ்ஞானி ஆண்ட்ரியாஸ் ஜோர்டானின் பங்கு பெரிது. மீண்டும் தலைதூக்கிய கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டி உடைய 59 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. கட்டி திரும்பியது தெரிந்த நாளிலிருந்து பாதிப் பேர் 13.4 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். இந்த நோயில் அது நம்பிக்கை தரும் எண். ஆனால் சூடு கொடுக்காத இன்னொரு குழுவை உடன் வைத்து ஒப்பிடவில்லை. ஆகவே நீடித்த வாழ்நாள் முழுவதையும் சூட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. 2010-இலேயே ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தும், இதை விற்ற நிறுவனம் 2022-இல் திவாலானது.

சங்கடங்களும் உண்டு. துகள்கள் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுவதால் அந்த இடத்தை எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டாது, சி.டி. ஸ்கேனை நம்ப வேண்டும். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் ஏற்றிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இரத்தத்தில் விட்ட நுண்துகள்களில் கட்டியைச் சேர்வது பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. சூடாக்குவது எப்போதோ கைவந்துவிட்டது; சூட்டை வேண்டிய இடத்தில் மட்டும் சேர்ப்பதுதான் இன்னும் கடினம். உடலெங்கும் பரவிவிட்ட புற்றுக்கு இந்த முறை இன்று உதவாததும் அதனால்தான்.

காந்தப் படுக்கை வேறு

இதை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். காந்தப் படுக்கை, காந்த வளையல், காந்தத் தண்ணீர் எதுவும் புற்றுநோயைக் குணப்படுத்தாது. அசையாத காந்தம் கட்டியைச் சூடாக்காது. துகள் இல்லாத கட்டியில் அதற்கு வேலையே இல்லை. அவற்றை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் கட்டிக்குத்தான் லாபம்.

காந்தத் துகள் சிகிச்சை தருகிறோம் என்று யாராவது அழைத்தால், உங்களைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனிதர்களிடம் நடத்தும் மருந்து, சிகிச்சை ஆய்வுகளை இந்தியாவில் அந்தப் பதிவேட்டில் பதிய வேண்டும். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த வகைப் புற்று, எத்தனை பேர், எந்த மருத்துவமனை என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும்.