கலகெதர மேட்டுக்குப் பின்னால் சிக்னல் வர யார் செலவழிப்பது?

கண்டி – குருநாகல் வீதியில் கலகெதரயைக் கடப்பவர்களுக்குக் கைபேசியில் பெரிய குறை தெரியாது. வீதியை விட்டு உள்ளே இறங்கி ஒரு மேட்டுக்குப் பின்னால் போனால்தான் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். எங்கள் ஊரவர்கள் இதற்குக் கம்பனிகளைத்தான் திட்டுவார்கள். ஆனால் மலையும் ஒரு காரணம். வேகமான இன்டர்நெட்டைச் சுமக்கும் உயர் அதிர்வெண் அலைகள் மேடுகளைச் சுற்றி அவ்வளவாக வளைவதில்லை. பள்ளத்தாக்குக்கொரு கோபுரம் கட்டலாம். முப்பது வீடுகளுக்காகக் கட்டினால் போட்ட முதல் திரும்பாது.

இந்த வீடுகளைக் குறைந்த செலவில் எட்டுவது எப்படி என்பது ஓர் ஆராய்ச்சிக் கேள்வி. விடை கிடைக்கப் பத்து வருடமாகலாம், கிடைக்காமலும் போகலாம். வருடாந்த இலாபக் கணக்கைப் பார்க்கும் கம்பனி அதற்காகக் காத்திருக்காது. அரசு காத்திருக்கலாம்.

காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பேராதனையில் ஓர் உதாரணம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு இன்று அங்கிருந்துதான் இயங்குகிறது. 1990 அளவில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ போன்ற கல்வியாளர்கள் சாதாரண தொலைபேசி இணைப்பில் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியதே அதன் விதை. அன்று அதைச் சிலரின் பொழுதுபோக்கு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். 2020 இல் கொரோனா பல்கலைக்கழகங்களை மூடியபோது, ஸூம் வகுப்புகள் லேர்ன் வழியாகவே நடந்தன. சேவை வழங்குநர்கள் அதற்கான டேட்டாவுக்குக் கட்டணம் அறவிடாமல் விட்டார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய வேலை இல்லாவிட்டால், அந்த ஏற்பாட்டை ஒரு மாதத்தில் செய்திருக்க முடியாது.

இது பணக்கார நாடுகளின் வேலை என்பாரும் உண்டு. துருக்கியின் எர்டால் அரிக்கான் 1987 முதல் அங்காராவின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். இரைச்சலுக்குள் தகவல் பிழையின்றிப் போய்ச்சேரும் வழியை அவர் நெடுங்காலம் தேடினார். 'போலார் கோட்' என்ற விடையை 2009 இல்தான் வெளியிட்டார். 2016 இல் அது 5ஜி தரத்துக்குத் தெரிவானது. இடைப்பட்ட வருடங்களில் அவருக்குத் தேவைப்பட்டது பிரமாண்டமான ஆய்வுகூடமல்ல. நிற்காத சம்பளமும் அவசரப்படுத்தாத நிர்வாகமும்தான்.

இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கவே பணமில்லாதபோது இதைக் கேட்பது சரியா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் கேட்பது பெருந்தொகையல்ல. பேராதனையிலும் மொறட்டுவையிலும் மலைநாட்டு அலைபரவலை ஆராயச் சில பட்டப்பின் மாணவர்களுக்கான உதவித்தொகை, அதுவும் பத்து வருடத்துக்கு நடுவில் வெட்டப்படாமல். இப்போதோ கெட்டிக்கார மாணவர்கள் பட்டம் கிடைத்த கையோடு விமானம் ஏறுகிறார்கள்.

பணத்துக்கு வழியும் இருக்கிறது. 2011 இன் சட்டப்படி நம் அழைப்புக் கட்டணத்தோடு தொலைத்தொடர்பு வரியும் திறைசேரிக்குப் போகிறது. அந்த வரியில் நூற்றுக்கு ஒரு ரூபாயை நீண்டகால ஆராய்ச்சிக்கென ஒதுக்குமாறு, அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கண்டி மாவட்ட எம்.பி.க்களில் ஒருவராவது கேட்கலாம்.