ஆமை முட்டைக்கு மணி பார்க்க வேண்டும்

தை பிறந்துவிட்டால் சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் ஒரு கூட்டம் மணலைப் பார்த்தபடி நடக்கும். 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள். அவர்கள் தேடுவது பங்குனி ஆமையின் சுவடு. சுவடு சுற்றித் திரும்பும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். மணல் இளகிக் கொடுத்தால், ஒன்றரை அடி ஆழத்தில் நூறுக்கு மேல் முட்டைகள் கிடக்கும். நாய்க்கும் அலைக்கும் முந்தி அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும்.

அவசரத்துக்கு வேறு காரணமும் உண்டு.

கோழி முட்டையை அடைகாக்கும்போது திருப்பிவிடுவோம். ஆமை முட்டையைத் திருப்பினால் கரு செத்துப்போகும். தாயின் வயிற்றில் வளர்ச்சி நின்றிருக்கும் கரு, முட்டை வெளியே வந்ததும் மறுபடி வளரத் தொடங்கி, சில மணி நேரத்தில் ஓட்டின் மேற்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பின் உருட்டினால் ஒட்டு அறுந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், குலுக்காமல் கொண்டுபோவதே நல்லது.

குழியும் தாய் தோண்டியது போலவே வேண்டும்: கழுத்து குறுகி, அடி அகன்ற குடுவை வடிவம். வளரும் கருக்கள் மூச்சுவிடுகின்றன, சூடும் உண்டாக்குகின்றன. அதனால் குழிக்குக் குழி சுமார் ஒரு மீட்டராவது இடைவெளி விடுகிறார்கள். சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சு மேலே வரும்.

பொரிப்பு விகிதம் ஒன்றை மட்டும் பார்த்து மகிழ்வது ஆபத்து. கடலாமைக்கு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப்போகப் பெண்தான். பொரிப்பகங்கள் இதைக் கவனிக்காமல் போகக்கூடாது என்று 1980இலேயே ம்ரோசோவ்ஸ்கி, இன்டெமா என்ற இரு ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். மலேசியாவின் ரந்தாவ் அபாங்கில் ஏழுவரி ஆமைக்குப் பொரிப்பகம் நடத்தியவர்கள் தாமதமாகத்தான் பார்த்தார்கள்: குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே பெண். சூடு 35ஐத் தாண்டி நீடித்தால் கருவே தாங்காது. பங்குனி வெயிலில் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டாலே மணல் குளிரும்.

குஞ்சுகள் போன பிறகு குழியைத் தோண்டிப் பொரியாத முட்டைகளைத் திறந்து பார்ப்பது அருவருப்பான வேலை. ஆனால் கோளாறு எங்கே என்று சொல்வது அதுதான். தொடக்கத்திலேயே கரு செத்திருந்தால், பெரும்பாலும் எடுத்துவந்த கையைச் சந்தேகிக்க வேண்டும். முழுதாக வளர்ந்து செத்திருந்தால் சூட்டையோ, தேங்கிய தண்ணீரையோ. பழைய ஓடுகளில் பூசணம் ஏறும் என்பதால் அவற்றை அகற்றி, அடுத்த பருவத்துக்கு வேறு மணலில் வேலி போடுகிறார்கள்.