நாள் குறித்த சத்திரசிகிச்சையும் நாட்பட்ட புகைப்பழக்கமும்

சத்திரசிகிச்சை இருவகைப்படும். விபத்திலே காயமுற்றவனுக்கும், குடல்வளரி அழன்று துடிப்பவனுக்கும் உடனடியாகச் செய்யப்படுவது ஒருவகை. அங்கே ஆயத்தத்துக்கு அவகாசமில்லை. குடலிறக்கம், முழங்கால் மூட்டு மாற்றம் முதலியவற்றுக்கு நாள் குறித்துச் செய்யப்படுவது மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையிலே நோயாளிக்குச் சில வாரங்கள் கையில் கிடைக்கின்றன. அந்த வாரங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே, புகைபிடிப்பவரைப் பொறுத்தவரையில், பெரிய வினாவாகும். இதனை நூல்களிலே படித்தவன் என்ற முறையில் மாத்திரமன்றி, முப்பது ஆண்டுகள் புகைபிடித்தவன் என்ற முறையிலும் பேச வந்திருக்கின்றேன்.

எனக்குக் குடலிறக்கத்துக்கான சத்திரசிகிச்சை செய்வதென்று தீர்மானமானபோது, வைத்தியர் ஆறு வாரங்களுக்கு அப்பால் ஒரு நாளைக் குறித்தார். பின்பு, "அதிபர், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்டுப் பத்துவீர்கள்?" என்று கேட்டார். ஐந்தாறு என்றேன். உண்மைக் கணக்குப் பன்னிரண்டு. பொய் சொல்லலாகாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் வாயினால் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர், "இன்று முதல் ஒன்றும் வேண்டாம். தையல் போடுவது என் வேலை. அதைக் காப்பது உங்கள் வேலை" என்றார்.

தையலுக்கும் சிகரெட்டுக்கும் என்ன தொடர்பு? மூன்று தொடர்புகள் உள.

முதலாவது இரத்தம் பற்றியது. புகையிலே காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்வது ஈமோகுளோபின் என்னும் பொருள். அது ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலான உறுதியுடன் இந்த நச்சுவாயுவைப் பற்றிக்கொள்கிறது. எனவே, மயக்க மருந்தின் கீழ்க் கிடக்கும் வேளையில் உடலுக்கு வேண்டிய ஒட்சிசன் குறைகின்றது. ஆயின், புகைப்பதை நிறுத்தி ஏறக்குறைய ஒரு நாளிலே இவ்வாயு பெரும்பாலும் நீங்கிவிடும்.

இரண்டாவது சுவாசப்பை பற்றியது. மூச்சுக்குழாயின் உட்புறத்திலே நுண்ணிய பிசிர்கள் உள. அவை ஓயாது அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளுகின்றன. புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. சளி தேங்குகின்றது, சத்திரசிகிச்சையின் பின் நியூமோனியா உண்டாக இடமேற்படுகிறது. குடலிறக்க நோயாளிக்கோ இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வோர் இருமலும் வயிற்றுச் சுவரை உள்ளிருந்து உந்துகின்றது. புதிதாக இட்ட தையலுக்கு இது நல்லதன்று.

மூன்றாவது காயம் ஆறுதல் பற்றியது. நிக்கொட்டின் சிறிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது. ஆறவேண்டிய இடத்துக்கு இரத்தம் குறைவாகவே செல்வதனால், காயம் ஆறச் சுணங்கும்; கிருமி தொற்றவும் கூடும்.

டென்மார்க் தேசத்தில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்குக் காத்திருந்த 120 புகைப்பழக்கமுடையோரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2002 ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பிருந்தே பழக்கத்தை விட உதவி அளிக்கப்பட்டது. உதவி பெறாதோருள் நூற்றுக்கு 52 பேருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. உதவி பெற்றோருள் நூற்றுக்கு 18 பேருக்கே ஏற்பட்டன. நான்கு வாரங்களுக்கு முன்னரேனும் நிறுத்துவது நன்மை தரும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2020 ஆம் ஆண்டில் அறிவித்தது.

இவ்விடத்தில் ஒரு தப்பெண்ணத்தையும் களைய வேண்டும். "இப்போது விட்டால் சளி கூடும்; எல்லாம் முடிந்தபின் விடலாம்" என்று நண்பரொருவர் எனக்கு உபதேசித்தார். இவ்வாறான ஐயத்துக்கு, 1989 இல் அமெரிக்காவிலே இருதய நோயாளர்களிடையே நடந்த ஓர் ஆய்வு இடங்கொடுத்தது உண்மையே. ஆனால், பல ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் ஆராய்ந்தபோது, சத்திரசிகிச்சைக்குச் சற்று முன் நிறுத்துவதனால் கேடு விளையும் என்பதற்குப் போதிய ஆதாரம் காணப்படவில்லை.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் விடுவது எளிதாயிற்றா? இல்லை. முதல் மூன்று நாட்களும் தலைவலி, நித்திரையின்மை, காரணமற்ற கோபம். கொப்பியை மறந்து வந்த ஒரு மாணவனை அளவுக்கு மீறி ஏசிவிட்டு, அன்று மாலை வெட்கப்பட்டேன். நிக்கொட்டினுக்குப் பழகிய மூளை அது கிடையாதபோது இவ்வாறு அடம்பிடிக்கின்றது. முதல் வாரமே மிகக் கடினமானது. பின்னர் வேகம் படிப்படியாகத் தணியும். புகைக்க வேண்டும் என்ற வேட்கை தோன்றும்போது அது முடிவில்லாதது போலத் தோன்றினும், பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. அந்த நிமிடங்களிலே முகம் கழுவினேன், தண்ணீர் குடித்தேன், கிணற்றடிவரை நடந்து வந்தேன். தேநீரும் சிகரெட்டும் எனக்கு இணைபிரியாதவை. ஆதலால், விறாந்தையிலிருந்து தேநீர் அருந்துவதை விட்டுக் குசினியிலே அருந்தினேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு செத்தவீட்டுக்குச் சென்றேன். வெற்றிலைத் தட்டத்திலே சுருட்டும் சிகரெட்டும் வந்தன. கை தானாகவே நீண்டது. வீடு திரும்பும் வழியில் மேலும் இரண்டு. "எல்லாம் பாழாயிற்று, இனி முயன்று பயனில்லை" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நாட்காட்டியில் என் ஒவ்வொரு நாளையும் அடையாளமிட்டு வந்தவள். அன்றைய கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, "ஒருநாள் வராத பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டிவிடுவீர்களோ?" என்று கேட்டாள்.

நேயர்களே, நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது. ஒருநாள் தவறியதனால் முந்திய பதினொரு நாட்களின் முயற்சி அழிந்துவிடுவதில்லை. தவறிய நாளை அன்றி, அதனைச் சாட்டாகக் கொண்டு முயற்சியைக் கைவிடுவதையே நாம் அஞ்சவேண்டும்.

மறுவாரம் வைத்தியரிடம் சென்று, பன்னிரண்டு என்ற உண்மைக் கணக்கையும், செத்தவீட்டுக் கதையையும் ஒப்புக்கொண்டேன். அவர் சினக்கவில்லை. மயக்க மருந்து கொடுப்பவர் இதனை அறிந்திருக்க வேண்டும் என்றும், தாங்க முடியாதவர்களுக்கு நிக்கொட்டின் கலந்த மெல்லும் பசை போன்ற துணைகள் உண்டு, அவற்றை வைத்தியரின் ஆலோசனையுடன் பயன்படுத்தலாம் என்றும் சொன்னார். மறைத்து வைத்த நோயாளிக்கு உதவுவது எவராலும் இயலாது.

குறித்த நாளிலே சத்திரசிகிச்சை நிறைவேறிற்று. மூன்றாம் நாள் ஒரு தும்மல் வந்தது. தையலின் மேல் கையை அழுத்திக்கொண்டு தும்மினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு தும்மலுக்கே இந்தப் பாடென்றால், முன்போல் விடியற்காலைதோறும் அரைமணிநேரம் இருமியிருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும் என்று அப்பொழுது எண்ணிப் பார்த்தேன்.

இன்றும் சிற்சில வேளைகளில் வேட்கை எட்டிப்பார்ப்பதுண்டு. ஆனால் நாட்காட்டியில் வெறுமையான கட்டம் அந்த ஒன்றே. உங்களுள் எவருக்கேனும் இப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டிருப்பின், இன்றைக்கே தொடங்குங்கள். வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டிலுள்ளோர் ஏசாதிருங்கள், அடுத்த நாளின் கட்டத்தைக் காட்டுங்கள். அவரிடம் வெற்றிலைத் தட்டத்தை நீட்டுபவர்கள், சுருட்டையும் சிகரெட்டையும் எடுத்துவிட்டு நீட்டுங்கள்.