பூச்சோங்கில் வீடு பார்க்கிறீர்களா?

"பூச்சோங்கில் வீடு வாங்கலாமா?" என்று இளம் தம்பதிகள் கேட்டால், "எல்ஆர்டி நிலையத்துக்கு நடந்து போக முடியுமா?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ரப்பர் தோட்டமும் ஈயச் சுரங்கமும் இருந்த மண் இது. தோட்டக் காலத்தில் லயத்து வீட்டிலிருந்து கோயிலும் பள்ளியும் நடக்கும் தூரம்தான். 1990களில் ஐஓஐ பேரங்காடி வந்தது. 1999இல் எல்டிபி நெடுஞ்சாலை திறந்தது. பூச்சோங் ஜெயா, பண்டார் புத்ரி, கின்ராரா என வசதியான குடியிருப்புகள் பெருகின. மருத்துவமனை, வங்கி, உணவகம் எதற்கும் குறைவில்லை. ஆனால், எதற்கும் கார் வேண்டும். வேலைக்குப் போனால் டோல் கட்டணம், காலையும் மாலையும் நெரிசல்.

2016இல் எல்ஆர்டி நீட்டிக்கப்பட்டதும் நிலைமை கொஞ்சம் மாறியது. ஐஓஐ பூச்சோங் ஜெயா, பண்டார் புத்ரி, பூச்சோங் பெர்டானா நிலையங்களில் ஏறினால் மஸ்ஜிட் ஜாமெக் வரை ஒரே ரயில்.

ஆகவே, வீட்டின் சதுர அடியை மட்டும் பார்க்காதீர்கள். மாதாந்திர கார் தவணை, பெட்ரோல், டோல் மூன்றையும் வீட்டுத் தவணையோடு கூட்டிப் பாருங்கள். ஒரு மாலையில் நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தும் பாருங்கள். நடைபாதை உண்டா, சாலையைக் கடக்க முடிகிறதா என்பது தெரிந்துவிடும். கார் ஓட்டத் தெரியாத அம்மா யாரையும் எதிர்பார்க்காமல் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வர முடிந்தால், என் கணக்கில் அதுவே வசதியான வீடு.