செயற்கைக்கோள் இணையம்: அனுமதிக்கு எத்தனை வாசல்?

நல்லம்பள்ளியைக் கடந்து தொப்பூர் கணவாயில் இறங்கும் தேசிய நெடுஞ்சாலை ஓரம் செல்பேசிக் கோபுரம் நடுவது கட்டுப்படியாகும் தொழில். சாலை உண்டு, மின்சாரம் உண்டு, பேச ஆள் உண்டு. அதே தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் தொகுதியின் கோட்டூர்மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறிப்போயின. இப்படிப்பட்ட மலையூர்களுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்க எந்த நிறுவனமும் தானாக முன்வராது. செயற்கைக்கோள் வழியாக இணையம் பெற ஒரு சிறிய தட்டு ஆன்டெனா, ஒரு சோலார் பேனல், இவை போதும் என்ற நிலைக்குத் தொழில்நுட்பம் வந்துவிட்டது. அனுமதிதான் தாமதமானது.

பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வர ஏறக்குறைய அரை நொடி ஆகும். வீடியோவில் மருத்துவரிடம் பேசுகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல். புதியவை சுமார் 550 முதல் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் தாமதம் அதில் மிகச் சிறு பங்காகக் குறைகிறது. ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தலைக்குமேல் கடந்துவிடும். எனவே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தேவை. அவை எல்லா நாடுகளுக்கு மேலும் பறக்கின்றன. ஆனால் சேவை தர ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக உரிமம் வாங்கவேண்டும்.

செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஒன்வெப்பின் கதையைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கிடைத்தது. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நம் எல்விஎம்-3 ராக்கெட்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதன் 72 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றன. தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பின் ஒப்புதல் 2023 நவம்பரில் வந்தது. 2025-இன் பாதி கழிந்தும் இங்கே வணிகச் சேவை தொடங்கவில்லை. நாமே ஏவியவை நம் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தன! இதே சேவையைத் தரும் அமெரிக்க நிறுவனமான ஸ்டார்லிங்க் 2022-இல் விண்ணப்பித்து 2025 ஜூனில்தான் உரிமம் பெற்றது.

துறை உரிமம், இன்ஸ்பேஸ் ஒப்புதல், அலைக்கற்றை ஒதுக்கீடு, தரைநிலையம் அமையும் இடத்துக்கு அனுமதி, பாதுகாப்புச் சோதனை என்று வாசல்கள் பல. இவற்றில் அதிக காலத்தைத் தின்றது அலைக்கற்றையை ஏலம் விடுவதா, நேரடியாக ஒதுக்குவதா என்ற விவாதம். செல்பேசி அலைக்கற்றையின் ஒரு தொகுதியை ஒரு வட்டாரத்தில் ஒரே நிறுவனம் தனியுரிமையாக வைத்துக்கொள்ளும். செயற்கைக்கோளில் அப்படி இல்லை. ஆன்டெனா வானத்தின் குறுகிய ஒரு திசையை மட்டும் நோக்குவதால், முறையாக ஒருங்கிணைத்தால் ஒரே அலைவரிசையைப் பல நிறுவனங்கள் ஒரே ஊரில் பயன்படுத்தலாம். பகிர்ந்துகொள்ளக்கூடியதை ஏலம் விடுவதில் பொருளே இல்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் நேரடி ஒதுக்கீடு என்று தீர்த்தது சரியான முடிவு. கட்டணம் எவ்வளவு என்ற, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பரிந்துரைக்கோ 2025 மே வரை காத்திருக்க நேர்ந்தது.

பாதுகாப்புக் கவலை பொய்யல்ல. உரிமம் கிடைக்கும் முன்பே, 2024 டிசம்பரில் மணிப்பூரில் நடந்த தேடுதலில் ஸ்டார்லிங்க் கருவி ஒன்று சிக்கியது. ஆகவே தரைநிலையம் இந்திய மண்ணில் இருக்கவேண்டும், சட்டப்படி கண்காணிக்க வழி இருக்கவேண்டும் என்ற நிபந்தனைகளைத் தளர்த்தக் கூடாது. ஆனால் பாதுகாப்புச் சோதனை மொத்த வலையமைப்புக்கும் ஒருமுறை நடந்தால் போதும். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2020 மார்ச்சில் 10 லட்சம் பயனர் ஆன்டெனாக்களுக்கு ஒரே உரிமம் வழங்கியது. நம்மாலும் முடியும்: ஆன்டெனா ஒன்றுக்கு 6,000 ரூபாய் சோதனைக் கட்டணம் வாங்கிய நடைமுறையை 2022 ஏப்ரல் முதல் தொலைத்தொடர்புத் துறையே கைவிட்டது.

அடுத்து வேண்டியது, எல்லா வாசல்களும் ஒரே நேரத்தில் திறப்பது. ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் ஒரு கெடு. நகரச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாக வசூலிக்கலாம், கிராமத்துக்கு அது வேண்டாம் என்றது டிராயின் 2025 பரிந்துரை. வசதி குறைந்த பகுதிகளில் ஆன்டெனா வாங்க அரசு மானியம் தருவதைப் பரிசீலிக்கவும் அது சொல்லியிருக்கிறது. அந்த மானியம் முதலில் மலையூர்களின் துணைச் சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் போகட்டும்.