ஹீட்டருக்கும் மூச்சு விட வழி வேண்டும்!

"சாத்தூர் வெயிலுக்கு வெந்நீர் வேறயா அக்கா?" என்று என் தங்கை சிரிப்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். சித்திரை, வைகாசியில் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும். ஆனால் வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணும், பச்சைக் குழந்தையும், மூட்டு வலியோடு மாமியாரும் இருந்தால் மார்கழி விடியற்காலையில் என்ன செய்வது? பெரிய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோதுதான் எங்கள் குளியலறையில் 15 லிட்டர் ஹீட்டர் ஏறியது.

அதற்கு முன்னால் மாமியாரின் செம்பு பாய்லர். நடுவில் கரி, சுற்றிலும் தண்ணீர். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குழாய் வழியே ஒரு செம்பு வெந்நீர் வரும். வாரம் ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்தால் தீர்ந்தது. ஹீட்டரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். வெளிப்பக்கத்தைத் துணியால் துடைப்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று மூன்று வருஷமாக யோசிக்கவே இல்லை.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். ஹீட்டருக்கு அடியில் தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். ஸ்விட்சைப் போட்டால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும். தரை ஈரமாகி மாமியார் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். குழாய் வேலைக்கு வந்தவரிடம் சொன்னேன். "அதுக்கென்னம்மா, ஒரு பிளக் போட்டு முடுக்கிட்டா நின்னுடும்" என்றார். முடுக்கினார். நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம்!

போன மார்கழியில் சின்ன மகள் பிரசவத்துக்கு வந்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டியம்மா தினமும் வருவார். இளவயதில் பல வருஷம் பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தவர். (எங்கள் பக்கம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) அவர்தான் ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு, "என்ன தாயி, இதுக்குள்ள பொரி வறுக்கிற சத்தம் கேக்குது?" என்றார். எனக்கும் கேட்டது. பழக்கத்தில் அது காதில் விழாமலே போய்விட்டது. அப்புறம் கீழே குனிந்து பார்த்தவர், "இதுக்கு மூச்சு விட வாய் எங்க?" என்று கேட்டார். சொட்டியதால் அடைத்துவிட்டோம் என்றேன்.

"அடி ஆத்தே! மருந்தை வச்சு, மேல சணலைச் சுத்திச் சுத்தி ஏன் இறுக்குறோம்? இறுக்கினாத்தான் அது அணுகுண்டு. வாயைத் தொறந்து விட்டா புஸ்வாணம். நீங்க புஸ்வாணத்தை அணுகுண்டா ஆக்கி வச்சிருக்கீகளே!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் இடத்துக்கு நேர் மேலே அல்லவா அது தொங்குகிறது!

அன்றைக்கே மெயின் ஸ்விட்சை அணைத்து, விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தோம். பாட்டியம்மா சொன்னது சரிதான் என்றார் அவர். தண்ணீர் சுட்டால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி அதிகமாகிறது. வந்த வழியே திரும்பிப் போகவிடாமல் வால்வு தடுக்கும். ஆகவே அந்த ஒரு டம்ளர்தான் சொட்டாக வெளியேறுகிறது. சுடும்போது சொட்டினால் அது நல்ல ஹீட்டர். ஸ்விட்ச் போடாத நேரத்திலும் ஒழுகினால்தான் கோளாறு. வால்வில் உப்போ மண்ணோ சிக்கியிருக்கும், அல்லது தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருக்கும்.

குக்கரின் வெயிட்டை யாராவது ஆணி அடித்து நிறுத்துவோமா? அதே கதைதான் இது. 1679-லேயே டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் குக்கருக்கு முன்னோடியான பாத்திரத்தைச் செய்தபோது, வெடிக்காமலிருக்க இப்படி ஒரு வால்வை வைத்தார். மூடிய பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். தொட்டி எங்காவது பிளந்தால் அந்தக் கணமே அதில் ஒரு பகுதி ஆவியாகிப் பாயும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்றால் அதன் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டரில் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் இருக்கின்றன. அவை இரண்டும் கைவிட்டால் மிச்சம் இருப்பது வால்வு ஒன்றுதான். அதைத்தான் நான் காசு கொடுத்து அடைத்து வைத்திருந்தேன்.

தொட்டியைத் திறந்தபோது பார்த்ததை மறக்க முடியாது. ஒரு தூக்குச் சட்டி நிறைய வெள்ளைப் பாளம்! கம்பிச் சுருளின் மேல் சுண்ணாம்பை அப்பியது போல் விரல் கனம். எங்கள் ஊரில் தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வைத்துக்கொண்டு, குளிக்க, துவைக்க எல்லாம் போர்த் தண்ணீர்தான். சோறு வடிக்கும் பானையில் படிகிற அதே உப்பு ஹீட்டரிலும் படிகிறது. அந்தப் பாளத்துக்கு அடியில் தண்ணீர் சிக்கிக் கொதிப்பதுதான் பொரி வறுக்கும் சத்தம். முன்பு இருபது நிமிஷத்தில் சுட்ட தண்ணீர் முக்கால் மணி நேரம் எடுத்ததற்கும், கரண்டு பில் ஏறியதற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. தெர்மோஸ்டாட் குழலிலும் உப்பு படிந்துவிட்டால் அதற்குச் சூடு சரியாகத் தெரியாதாம். பில்லுக்காக வீட்டுக்காரரிடம் நான் வாங்கிய பேச்சு தனிக்கதை!

உள்ளே மெக்னீசியத்தால் ஆன கம்பி ஒன்று இருக்குமாம். தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் தான் கரைந்து கொடுப்பது அதன் வேலை. எங்களுடையதில் அது முழுக்கக் கரைந்து நடுக்கம்பி மட்டும் நின்றது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் தொட்டியே ஓட்டையாகியிருக்கும். விலை ஒன்றும் பெரிதில்லை, மாற்றிக்கொண்டோம்.

உப்புத் தண்ணீர் ஊரில் இருக்கும் சகோதரிகள் வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால், தெரிந்த ஆளைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை உள்ளே ஊற்ற விடாதீர்கள். தொட்டியின் உள்பூச்சையும் கம்பியையும் அது தின்றுவிடும். எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் சுருளை ஊறவைத்தாலே உப்பு உதிர்கிறது. மூடியைத் திறக்கும் வேலையில் நாம் இறங்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வால்வின் சின்ன நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்ப்பது மட்டும் நம் வேலை. மெயினை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு செய்யுங்கள்.

சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு கூடக்கூட உப்பும் வேகமாகப் படியும். அதற்காக 50-க்குக் கீழே இறக்கினால் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும். குளிக்க இறங்குமுன் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், கடைசியில் முழங்கையை விட்டுப் பார்ப்பது. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

வால்வுக்குப் பிளக்கை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, கீழே வாளியில் விட்டிருக்கிறோம். தரையும் ஈரமில்லை, மாமியாருக்கும் பயமில்லை. அந்த ஒரு டம்ளர் தண்ணீரைப் பாட்டியம்மா தினமும் எட்டிப் பார்த்து, "சொட்டுதா தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் குழந்தையைக் கையில் வாங்குவார்.